கலங்கலைப் படித்தவர்கள்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் மதியச் சாப்பாடு முடியும் தறுவாயில் மேசைமேல் இரண்டு கண்ணாடித் தம்ளர்கள் அருகருகே நிற்கும். ஒன்றில் பதிமுக மரச்சீவல் போட்டுக் கொதிக்கவைத்த சிவந்த தண்ணீர். மற்றதில் இஞ்சியும் பச்சைமிளகாயும் தட்டிப் போட்ட சம்பாரம், அதாவது நம் நீர்மோர். சிவப்புத் தம்ளருக்குப் பின்னால் விரலை வைத்தால் ரேகை முதற்கொண்டு தெரிகிறது. நிறம் மட்டும் மாறியிருக்கிறது. சம்பாரத்துக்குப் பின்னால் வைத்தால் விரலே காணோம்.

இரண்டில் ஒளியை அதிகம் தின்பது பதிமுகத் தண்ணீர்தான் என்பதை யோசித்தால் வியப்பாக இருக்கும். நீலத்தையும் பச்சையையும் அது விழுங்கிவிட்டு மிச்சத்தை வெளியே விடுகிறது. மோரோ தனக்குள் நுழைந்த ஒளியில் ஏறக்குறைய எதையுமே விழுங்குவதில்லை. வந்ததையெல்லாம் திருப்பித் தந்துவிடுவதால்தான் அது வெள்ளையாக இருக்கிறது. எதையும் தின்னாமலே ஒரு பொருளால் மறைக்க முடியும் என்பதுதான் மோர் காட்டும் விந்தை. விரலில் பட்ட ஒளி கண்ணுக்கு வருகிறது. ஆனால் எங்கிருந்து புறப்பட்டோம் என்பதை வழியிலேயே மறந்துவிட்டு வருகிறது.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது தம்ளரைப் பற்றியது. கலங்கிய பொருளுக்குள் போன ஒளி என்ன ஆகிறது என்ற கேள்வியோடு வாழ்ந்தவர்களில் திருவனந்தபுரத்தோடும் தமிழோடும் தொடர்புள்ளவர்கள் பலர். முன்னால் வந்தவர்கள் கலங்கலை ஒழிக்கப் பாடுபட்டார்கள். பின்னால் வந்தவர்கள் கலங்கலையே படிக்கக் கற்றுக்கொண்டார்கள். எனக்கு அந்தத் திருப்பம்தான் முக்கியமாகப் படுகிறது.

பாலில் இருக்கும் தண்ணீர் தெளிவானது. அதில் கரைந்திருக்கும் சர்க்கரையும் உப்பும் தெளிவானவை. வெண்மைக்குக் காரணம் கரையாமல் மிதக்கும் இரண்டு வகைத் துகள்கள். ஒன்று கொழுப்பு உருண்டை. கறந்த பாலில் பெரும்பாலும் 1 முதல் 10 மைக்ரோமீட்டர் விட்டம் கொண்டது. மற்றது கேசின் என்ற புரதத்தின் திரள். சராசரியாக 150 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 நானோமீட்டரிலிருந்து 700 வரை. ஆகவே கொழுப்பு உருண்டை அலையைவிடப் பெரியது, கேசின் திரள் அலையைவிடச் சிறியது. இரண்டும் ஒளியை ஒரே மாதிரி நடத்துவதில்லை.

அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்கள் நீலத்தைத்தான் அதிகம் சிதறடிக்கும். 1871இல் ராலே பிரபு இதற்குக் கணக்குப் போட்டார்: அலைநீளம் பாதியானால் சிதறல் 16 மடங்காகும். 400 நானோமீட்டர் ஊதா ஒளி 700 நானோமீட்டர் சிவப்பைவிட 9 மடங்குக்கு மேல் சிதறும். துகள் பெரிதாகப் பெரிதாக இந்த நிறவேற்றுமை மங்கும்; ஒளி எல்லாத் திசையிலும் தெறிக்காமல் பெரும்பாலும் முன்னோக்கியே சற்று விலகிப் போகும். எந்த அளவு உருண்டைக்கும் பொருந்தும் முழுக் கணக்கை 1908இல் குஸ்டாவ் மீ என்ற ஜெர்மானியர் எழுதினார்.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு கண்ணாடிப் பாத்திரம் நிறையத் தண்ணீர் எடுத்துச் சில சொட்டுப் பால் விட்டுக் கலக்கி, இருட்டறையில் ஒரு பக்கத்திலிருந்து செல்பேசி விளக்கைக் காட்டுங்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் தண்ணீர் மெல்லிய நீலமாக இருக்கும். மறுகோடியிலிருந்து விளக்கை நேராகப் பார்த்தால் அது மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ தெரியும். இன்னும் சில சொட்டு விட்டுக்கொண்டே போனால் நீலம் மறைந்து எல்லாம் வெள்ளையாகிவிடும். ஒரே ஒரு முறை சிதறிய ஒளிக்கு நிறம் உண்டு. பல முறை சிதறிய ஒளியில் எல்லா நிறமும் மறுபடி கலந்துவிடுகிறது. எங்கள் வீட்டுப் பாட்டிக்கு ராலேயைத் தெரியாது. ஆனால் பால் தம்ளரைச் சாய்த்து விளிம்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “நீலம் பாய்ஞ்சிருக்கு பாரு, தண்ணி விட்டிருக்கான்” என்பார். விளிம்பில் பால் மெல்லிய அடுக்காக நிற்கிறது. துகள்கள் குறைந்தால் நீலம் முதலில் அங்கேதான் தலைகாட்டும்.

பழவங்காடி பிள்ளையார் கோவில் முன்னால் ஊதுபத்திப் புகையைக் கவனித்துப் பாருங்கள். இருண்ட வாசலுக்கு முன்னால் அது நீலமாகச் சுருள்கிறது. அதே புகை வெளிச்சமான வானத்துக்கு முன்னால் வந்ததும் பழுப்பாகிறது. பக்கத்துக் கடையில் புட்டுக்குழாயிலிருந்து எழும் ஆவிக்கு இந்த நிறமாற்றம் கிடையாது, வெள்ளைதான். புகைத்துகள் நுண்ணியது, நீராவித் திவலை பெரியது. வேறு காரணம் இல்லை.

ஒரு முறை சிதறும் ஒளியின் கணக்கு எளிது. பல முறை சிதறினால்தான் சிக்கல். அதற்குக் கிழக்கேகோட்டையிலிருந்து கிளம்பும் சாலைக் கடைத்தெருவை நினைத்துக்கொள்ளலாம். திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசன் 18ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய சந்தை அது. ஓணத்துக்கு முந்தைய நாள் அந்த நெரிசலுக்குள் ஒருவர் நுழைகிறார். ஒவ்வோர் அடிக்கும் யாராவது இடித்து அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிவிடுகிறார்கள். அடிக்கு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 100 அடி நடந்தபின் அவர் புறப்பட்ட இடத்திலிருந்து ஏறக்குறைய 10 மீட்டர்தான் விலகியிருப்பார். 100 மீட்டர் விலக 10,000 அடி வேண்டும். தூரம் பத்து மடங்கானால் நடை நூறு மடங்காகிறது. நுழைந்தவர்களில் பெரும்பாலோர் மறுமுனையை எட்டாமல், நுழைந்த வாசல் வழியாகவே வெளியே தள்ளப்படுகிறார்கள். பாலின் மேற்பரப்பிலிருந்து நம் கண்ணுக்கு வரும் வெள்ளை ஒளி இப்படித் திரும்பித் தள்ளப்பட்ட ஒளிதான்.

நம் தசையும் தோலும் இப்படிப்பட்ட நெரிசல்தான். உடலுக்குள் போகும் சிவப்பொளி ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டருக்கு ஒரு முறை எதன்மீதாவது மோதுகிறது. உயிரணுக்களும் அவற்றின் உள்ளுறுப்புகளும் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் சிறியவை அல்ல என்பதால் ஒரு மோதலில் திசை கொஞ்சம்தான் மாறும். பத்து மோதல்களுக்குப் பிறகு, சுமார் ஒரு மில்லிமீட்டர் போனபின், ஒளி தன் பழைய திசையை முற்றிலும் மறந்துவிடும். சாலைக் கணக்கை இங்கே போட்டால், ஒரு சென்டிமீட்டர் தசையைக் கடக்க 100 ‘அடி’, அதாவது 10 சென்டிமீட்டர் அலைச்சல். மின்சாரம் போன இரவில் பிள்ளைகள் உள்ளங்கையில் டார்ச்சை அழுத்திப் பிடித்து விரல்கள் சிவப்பாக ஒளிர்வதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நீலத்தையும் பச்சையையும் இரத்தம் தின்றுவிடுகிறது, சிவப்பு தப்பிவிடுகிறது. ஆனால் எலும்பின் நிழல் மட்டும் விழுவதில்லை. எலும்பைத் தாண்டி வரும் ஒளி எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. நிழலுக்கு ஒரு திசை வேண்டும்.

கிழக்கேகோட்டையிலிருந்து எம்.ஜி. சாலையில் வடக்கே நடந்தால் பாளையத்தில் யூனிவர்சிட்டி கல்லூரி வரும். முன்பு அது மகாராஜா கல்லூரி. 1914 முதல் 1921 வரை அங்கே இயற்பியல் செய்முறை ஆசிரியராக இருந்தவர் கே.ஆர். ராமநாதன். பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத்தில் 1893இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1921இல் இந்த வேலையை விட்டுக் கல்கத்தாவுக்குச் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்யப் போனார்.

அதே 1921இல்தான் ராமன் இங்கிலாந்து போய்த் திரும்பும் வழியில், கப்பல் தளத்தில் நின்று, நிக்கோல் பட்டகம் ஒன்றை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று ராலே சொல்லியிருந்தார். பிரதிபலிப்பைப் பட்டகத்தால் அணைத்துவிட்டுப் பார்த்தபோதும் நீலம் போகவில்லை; இன்னும் ஆழ்ந்தது. தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று முடிவுக்கு வந்தார். கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்ததும் அதைக் கடிதமாக எழுதி ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பினார்.

ராமநாதன் போய்ச் சேர்ந்தது இந்த வேகத்துக்குள். மூலக்கூறு சிதறடிக்கும் ஒளி மிகச் சொற்பம். ஒரு தூசி போதும், அதை மூழ்கடித்துவிடும். எனவே கல்கத்தாவில் நடந்த வேலையின் பெரும்பகுதி கலங்கலுக்கு எதிரான போர். திரவத்தை வெற்றிடத்தில் மெதுவாகக் காய்ச்சி வடிப்பார்கள். கண்ணாடிக் குமிழில் அடைத்து, மறுபடி வடிப்பார்கள், மறுபடியும். சூரிய ஒளியைக் குவித்து உள்ளே செலுத்தி, பாதையில் ஒரு துகள்கூட மினுங்காத நிலை வரும்வரை இது நடக்கும். 1923இல் ராமநாதன் ஊதா வடிகட்டி வழியாகச் சூரிய ஒளியை நீருக்குள் விட்டு, ஊதாவை முற்றிலும் தடுக்கும் பச்சை வடிகட்டி வழியாகப் பார்த்தார். ஒன்றும் தெரியக் கூடாது. ஆனால் ஒளிப்பாதை மங்கலாகத் தெரிந்தது. மாசினால் வரும் பலவீனமான ஒளிர்வு என்று கருதி மேலும் மேலும் சுத்தம் செய்தார்கள். அது போகவில்லை. வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் 1925இல் அதையே வேறு திரவங்களில் கண்டார். 1928 பிப்ரவரி 28 அன்று அந்த மங்கல் ஒளியின் நிறம் மாறியிருப்பது உறுதியானது. மூலக்கூறோடு சக்தியைப் பரிமாறிக்கொண்டு திரும்பும் ஒளி அது, ராமன் விளைவு; 1930இல் நோபல் பரிசு.

ராமநாதன் அதற்குள் வானிலைத் துறைக்குப் போய்விட்டிருந்தார். பின்னாளில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார். ஓசோன் ஆய்வில் உலகப் பெயர் எடுத்தார். 1923இல் அவர் கண்ட மங்கல் ஒளிக்கு ராமன் விளைவின் வரலாற்றில் இடம் உண்டு. பாளையத்தில் அவர் வேலை பார்த்த கல்லூரியைத் தினமும் கடந்து போகும் நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்பது என் ஆதங்கம்.

கலங்கலை ஒழிக்க முடியாத இடங்களும் உண்டு. விண்மீனின் மேல் அடுக்கை யாரும் வடிகட்ட முடியாது. ராமனின் அண்ணன் மகன் எஸ். சந்திரசேகர் 1940களில் அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு ஃபோட்டானையும் பின்தொடர முடியாது. ஆனால் ஓர் இடத்தில் ஒரு திசையில் போகும் ஒளி எவ்வளவு குறைகிறது, மற்ற திசைகளிலிருந்து சிதறி அதில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று வரவு செலவு எழுதலாம். எல்லாத் திசைக்கும் எல்லா ஆழத்துக்கும் அந்தக் கணக்கு ஒரே நேரத்தில் ஒத்துப்போக வேண்டும். 1950இல் வெளிவந்த அவருடைய ‘ரேடியேட்டிவ் டிரான்ஸ்ஃபர்’ நூல் முழுக்க இந்தக் கணக்குத்தான். டோனா எல்பர்ட் என்ற உதவியாளர் எண்களையெல்லாம் கைக்கணக்காகப் போட்டுத் தந்தார். விண்மீனுக்காக எழுதிய அதே சமன்பாட்டை இன்று மேகத்துக்கும் கடல்நீருக்கும் மூளைத்திசுவுக்கும் பயன்படுத்துகிறார்கள். கலங்கலை விட்டு ஓடாமல் அதற்குள்ளேயே உட்கார்ந்து கணக்கெழுதியவர்களில் அவரை முதல் வரிசையில் வைப்பேன்.

இங்கே ஜி.என். ராமச்சந்திரனைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கொலாஜன் புரதத்தின் வடிவத்தைக் கண்டு சொன்னவர் என்று நமக்குத் தெரிந்த அவர், எர்ணாகுளத்தில் பிறந்தவர், பெங்களூரில் ராமனின் மாணவராக இருந்தபோது 1943இல் ஒரு கட்டுரை எழுதினார். லைக்கோபோடியப் பொடி தூவிய கண்ணாடி வழியாக ஒரு சிறு விளக்கைப் பார்த்தால் வரும் ஒளிவட்டம் வழவழப்பாக இல்லாமல் புள்ளி புள்ளியாக ஏன் இருக்கிறது என்பது அதன் பொருள். ஒழுங்கில்லாமல் கிடக்கும் துகள்களிலிருந்து வரும் அலைகள் சில இடங்களில் கூடியும் சில இடங்களில் அழிந்தும் போவதே காரணம் என்று காட்டினார். 1960இல் லேசர் வந்தபின் அந்தப் புள்ளிக்கோலம் எங்கும் கண்ணில் பட்டது. இன்று அது துடிக்கும் வேகத்தைக் கொண்டு தோலுக்கடியில் இரத்தம் ஓடும் வேகத்தை அறிகிறார்கள்.

கோட்டைக்குள் இருக்கும் அக்ரகாரத் தெருக்களில் விடிகாலையில் மாக்கோலம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். அரைத்த அரிசிமாவைத் துணியில் நனைத்து இழுக்கும்போது கோடு மங்கலாகத்தான் இருக்கும். காயக் காயத்தான் பளிச்சென்று வெளுக்கும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் அப்படித்தான். ஈரமாக இருக்கும்போது அடித்தோமா என்று சந்தேகம் வரும், மறுநாள் பார்த்தால் வெள்ளை. ஒளி சிதறுவதற்குத் துகள் இருந்தால் மட்டும் போதாது. துகளுக்கும் அதைச் சுற்றியிருக்கும் பொருளுக்கும் ஒளிவிலகல் எண்ணில் வேற்றுமை வேண்டும். மாவுக்கு அந்த எண் சுமார் 1.5, நீருக்கு 1.33, காற்றுக்கு 1. ஈரத்தில் துகளிடுக்கை நீர் நிரப்பியிருப்பதால் வேற்றுமை சிறிது. நீர் போய்க் காற்று வந்ததும் வேற்றுமை பெரிதாகிறது, சிதறல் கூடுகிறது. ஏத்தக்காய் அப்பத்தைச் செய்தித்தாளில் வைத்துக் கொடுத்தால் எண்ணெய் பட்ட இடத்தில் பின்பக்க எழுத்து தெரிவது இதற்கு நேர் எதிர். தாளின் நாருக்கும் எண்ணெய்க்கும் எண் கிட்டத்தட்ட ஒன்று. இடுக்கிலிருந்த காற்று வெளியேறியதும் தாள் கண்ணாடியை நெருங்குகிறது.

எண்ணெயிலும் வெளுப்பாகவே இருக்க வேண்டுமென்றால், எண்ணெய்க்கு மிக மேலே இருக்கும் எண் கொண்ட பொருள் வேண்டும். டைட்டேனியம் டையாக்சைடின் அனடேஸ் வகைக்கு அது 2.5. அதை இந்தியாவில் முதலில் தயாரித்த ஆலை இந்த நகரத்தின் வேளிக் கடற்கரையில் இருக்கிறது: 1946இல் நிறுவப்பட்ட டிராவன்கூர் டைட்டேனியம் புராடக்ட்ஸ். மூலப்பொருள் இல்மனைட் என்ற கறுப்பு மணல். சவறா கடற்கரையிலும், கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியிலும் அலை ஒதுக்கித் தரும் மணல் அது. மணவாளக்குறிச்சி 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் என்பதை நினைத்தால், கறுப்பு மணலும் வெள்ளைப் பொடியும் ஒரே நாட்டுச் சரக்குதான். பொடியின் துகளை அலைநீளத்தின் பாதிக்குப் பக்கத்தில், மைக்ரோமீட்டரில் கால் பங்கு அளவுக்கு, நிறுத்தினால் சிதறல் உச்சத்தில் இருக்கும். சுவர்ப் பூச்சிலும் காகிதத்திலும் பிளாஸ்டிக்கிலும் நாம் வெள்ளை என்று பார்ப்பதில் பெரும்பங்கு இந்தப் பொடியின் வேலை. கந்தக அமிலத்தால் மணலைக் கரைத்துத்தான் அனடேஸ் எடுக்கிறார்கள். அமிலமும் இரும்பு சல்பேட்டும் கழிவாக மிஞ்சுகின்றன. அந்த வெண்மையைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

எண்ணெய் பட்ட தாள் போல உயிருள்ள தோலையும் ஆக்க முடியுமா? 2024 செப்டம்பரில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘சயின்ஸ்’ இதழில் முடியும் என்று காட்டினார்கள். பயன்படுத்தியது டார்ட்ராசின், தின்பண்டங்களில் சேர்க்கும் மஞ்சள் சாயம். அதன் கரைசலை எலியின் தோலில் தேய்த்தபோது அந்த இடம் சற்று நேரம் தெளிந்து உள்ளுறுப்புகள் தெரிந்தன. கழுவியதும் தோல் பழையபடி ஆனது. நீலத்தை வலுவாகத் தின்னும் ஒரு பொருள், தான் தின்னாத சிவப்புக்கு நீரின் ஒளிவிலகல் எண்ணை உயர்த்திவிடும். அந்த எண் தோலின் கொழுப்பையும் புரதத்தையும் எட்டினால் சிதறல் அடங்குகிறது. அதாவது பதிமுகத் தம்ளரின் வேலையைக் கொண்டு மோர்த் தம்ளரைத் தெளிய வைக்கிறார்கள். இது எலியில் செய்த ஆய்வு. மனிதத் தோல் பல மடங்கு தடிமன். யாரும் கடையில் சாயம் வாங்கி வீட்டில் பூசிப் பார்க்க வேண்டாம்.

வானமும் கலங்கல்தான். தும்பாவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகம் 1980களிலேயே ஓரிடத்திலிருந்து லேசரை மேலே அனுப்பி, வேறிடத்திலிருந்து அதன் சிதறலைப் பிடித்து, எந்த உயரத்தில் எவ்வளவு நுண்துகள் மிதக்கிறது என்று கண்டது. அங்கே தொடங்கிய நுண்துகள் அளவீடுதான் இன்று நாடு முழுவதும் நிலையங்களாகப் பரவியிருக்கிறது. பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்தார் மூடுபனியை எடுத்துக்கொண்டார்கள். டெல்லிக்கு அருகே குளிர்காலப் பனிமூட்டத்தில், 150 மீட்டர் தள்ளி வைத்த எல்.இ.டி. விளக்குகளின் ஒளியை ஒரு சீரான தாளத்தில் கூட்டிக் குறைத்தார்கள். கேமராவில் பதிந்த மங்கலில் அந்தத் தாளத்தோடு துடிக்கும் பகுதியை மட்டும் கணினி பிரித்தெடுத்தபோது விளக்குகள் துலங்கின. ரயிலோட்டிகளுக்கும் விமானிகளுக்கும் இது என்ன பொருள் தரும் என்பதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் கலங்கலைப் படிக்கும் கலை நம் உயிரை நேராகத் தொடுவது உடலுக்குள்தான். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்த ஆக்சிமீட்டர் ஒரு சிதறல் கருவி. ஜப்பானின் தகுவோ அயோயாகி 1970களில் இதன் அடிப்படையைக் கண்டார். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாததும் 660 நானோமீட்டர் சிவப்பையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பையும் வேறு வேறு விகிதத்தில் தின்கின்றன. விரலின் தசை எவ்வளவு சிதறடிக்கிறது என்று தெரியாததால் அயோயாகி நாடித்துடிப்பைப் பிடித்துக்கொண்டார். துடிப்போடு மாறுவது தமனி இரத்தம் மட்டுமே. மாறாதது எல்லாம் தசை, எலும்பு, தோல். மாறும் பங்கை எடுத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடலாம். கழிக்கும்போது தோலின் கறுப்பு நிறமியும் முழுதாகக் கழிந்துவிடும் என்று நம்பினார்கள். 2020 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று அந்த நம்பிக்கையை உடைத்தது. கருவி 92 முதல் 96 சதவீதம் என்று காட்டிய நேரங்களில் உண்மையில் ஆக்சிஜன் 88க்கும் கீழே இருந்தது, கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீத அளவீடுகளில், வெள்ளையரில் 3.6 சதவீதம். மாநிறமும் கருநிறமும் கொண்ட நமக்கு இது யாரோ ஒருவர் பிரச்சினை அல்ல. ஒளி எந்தத் தோல் வழியாகப் போகப் போகிறதோ அந்தத் தோலில்தான் கருவியின் கணக்கைச் சரிபார்க்க வேண்டும்.

அப்படிச் சரிபார்க்கும் வேலையின் நல்ல எடுத்துக்காட்டு இந்த ஊரிலேயே இருக்கிறது. ஆக்குளத்தில் இருக்கும் புவி அறிவியல் மையத்தில் என். சுபாஷும் அவருடைய குழுவினரும், 1981இல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மைய மருத்துவர்களோடு சேர்ந்து, வாய்ப்புற்றுநோயைப் படித்தார்கள். 2006இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வின் கருவி எளிமையானது. ஒரு டங்ஸ்டன் ஹாலஜன் விளக்கு. அதன் வெள்ளொளியைத் திசுவுக்குக் கொண்டுபோகும் ஒரு கண்ணாடி இழை. அந்த இழையைச் சுற்றி ஆறு இழைகள். நடு இழை வழியாக உள்ளே போன ஒளி திசுவுக்குள் அலைந்து, தப்பித்ததில் ஒரு பங்கு சுற்றியிருக்கும் ஆறு இழைகளில் வந்து விழும். அலைந்த வழியில் இரத்தம் இருந்தால் ஹீமோகுளோபின் தன் இரண்டு கடிகளையும் விட்டிருக்கும்: 542, 577 நானோமீட்டருக்கு அருகில் இரண்டு பள்ளங்கள். புற்று வளரும் இடத்தில் புதிய நுண்குழாய்கள் பெருகி இரத்தம் கூடுவதால் பள்ளங்கள் ஆழமாகின்றன. 540இல் வரும் ஒளியை 575இல் வரும் ஒளியால் வகுத்துப் பார்த்தார்கள். அறுவையில் எடுத்த திசுக்களில், நோயுள்ள பகுதியின் விகிதம் பக்கத்திலிருந்த நல்ல பகுதியைவிட எப்போதும் குறைவாக இருந்தது. நோயின் தரத்துக்கு ஏற்ப மாறியது.

விகிதம் என்பதுதான் இதன் நுட்பம். விளக்கு மங்கினாலும் இழை சற்றுச் சாய்ந்தாலும் இரண்டு எண்களும் சேர்ந்தே குறையும், வகுத்தால் அந்தப் பிழை பெருமளவு அடிபட்டுப் போகும். ராமநாதன் காலத்தில் ஒரு தூசி போதும் வேலையைக் கெடுக்க. இங்கே ஒளி நூறு முறை மோதாமல் திரும்பினால் அதற்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. எவ்வளவு அலைகிறதோ அவ்வளவு இரத்தத்தைச் சந்திக்கிறது.

இந்த ஊரில் இந்த ஆய்வு நடந்ததற்குக் காரணம் உண்டு. சாலைக் கடைத்தெருவில் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் இன்றும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மண்டலப் புற்றுநோய் மையம் 1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. 7 பஞ்சாயத்துகளில் 35 வயதைத் தாண்டியவர்களின் வீட்டுக்குப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் போய், வாயைத் திறக்கச் சொல்லி, வெளிச்சத்தில் பார்த்தார்கள். மீதி 6 பஞ்சாயத்துகள் ஒப்பீட்டுக்கு. இரண்டிலும் சேர்த்து 1,90,000 பேருக்கு மேல். 2005இல் ஆர். சங்கரநாராயணன் முதலியோர் ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். மொத்த மக்களை எடுத்துக்கொண்டால் வேற்றுமை உறுதியாகச் சொல்லும்படி இல்லை. ஆனால் புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது.

அந்தப் பணியாளர்கள் வாய்க்குள் முக்கியமாகத் தேடியவற்றில் இரண்டு, வெள்ளைத் திட்டும் சிவப்புத் திட்டும். வெள்ளைத் திட்டில் மேல்தோல் தடித்து, அதன் கெரட்டின் அடுக்கு ஒளியை மோர் போலச் சிதறடித்து, அடியிலிருக்கும் இரத்தத்தை மறைக்கிறது. சிவப்புத் திட்டில் மேல்தோல் மெலிந்து, ஒளி நேராக இரத்தம் வரை போய், பதிமுகத் தண்ணீரில் போல நீலமும் பச்சையும் தின்னப்பட்டுத் திரும்புகிறது. கண்ணில் முதலில் படுவது பெரும்பாலும் வெள்ளைத் திட்டுதான். புற்றாக மாறும் அபாயம் பல மடங்கு அதிகம் இருப்பது சிவப்பில். வலி இருக்காது, வாயில் சிவப்பு இயல்பான நிறம் என்பதால் கண்ணாடியில் பார்ப்பவருக்கு அது எளிதில் தெரியாது. வெற்றிலை போடும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பகல் வெளிச்சத்தில் கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் அடியையும் ஓரத்தையும் பார்த்து, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத சிவப்போ வெள்ளையோ இருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.